மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

மாப்பிள்ளை என்பது ஒரு நாய். பார்சல் கிடங்கில் மோப்பம் பிடிக்கிற உத்தியோகம். அலுவலகத் தாள்களில் அவனுக்கு ஓர் எண்ணும் வாயில் நுழையாத ஒரு பெயரும் இருந்தன. ஆனால் வந்த முதல் வாரமே, சாப்பாடு கொஞ்சம் தாமதமானதற்குத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அதைப் பார்த்த யாரோ "மாப்பிள்ளைக்குக் கோபம்டா" என்று சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவன் மாப்பிள்ளை ஆனதும், அவனைப் பிடித்து நடத்துகிறவள் மாமியார் ஆனாள். நாற்பதைத் தொடாத, பிள்ளைகுட்டி இல்லாத ஒருத்திக்கு இப்படி ஒரு பட்டம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மகளைப் பெக்காமலே மாப்பிள்ளை வந்துட்டான், எனக்கென்ன குறை" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உண்மையில் எந்த மாமியாரும் எந்த மாப்பிள்ளையையும் அப்படித் தாங்கியிருக்க மாட்டாள். அவன் குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கையில் ஊற்றி, சூடா குளிரா என்று பார்த்துத்தான் வைப்பாள். அவனுடைய துண்டுகளைக்கூடக் கிடங்கில் துவைக்க விடமாட்டாள். அந்தத் துண்டு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பார்சல்கள் ஓடும் பட்டையில் வரும். மாப்பிள்ளை அதன் ஓரமாகவே மோந்துகொண்டு போவான். அவனுக்குப் பழக்கிய போதைப்பொருள் வாசனைகளில் ஒன்று வந்தால் குரைக்க மாட்டான், பிறாண்ட மாட்டான். சட்டென்று உட்கார்ந்துவிடுவான். உடனே அவள் இடுப்புப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை, இறுகச் சுருட்டி முடிச்சுப் போட்டதை, எடுத்து நீட்டுவாள். அவன் ஒரு முனையைக் கவ்வ, அவள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் இழுத்து விளையாடுவார்கள். அதுதான் அவனுக்குக் கூலி. இறைச்சித் துண்டைக் காட்டினால்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான், அந்த விளையாட்டுக்காக உயிரையே கொடுப்பான். கிடங்கின் சோப்புத் தூளில் காரம் அதிகம், அவன் ஈறு எரியும் என்று சொல்லி அந்தத் துண்டுகளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய், தன் கையால் துவைத்து, மடித்து, சமையலறை அலமாரியில் அடுக்கி வைப்பாள்.

இந்த வேலையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்தால் துண்டு. நாய் உண்மையாக உட்கார்ந்து, துண்டு வராமல் போனால் அது ஏமாற்று. ஒருமுறை ஏமாற்றினால் குழம்பும். பலமுறை ஏமாற்றினால் உட்காருவதையே விட்டுவிடும். கூலி கொடுக்காத முதலாளிக்கு வேலை செய்ய அதற்கென்ன தலையெழுத்தா?

அன்றைக்குக் காலையில் அவள் கூண்டைத் திறந்தாள். மாப்பிள்ளை வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான், கையை நக்கினான், இடுப்புப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனான். வால் நின்றது. அவளுக்கு நேர் எதிரே, முதுகை நிமிர்த்தி, அழகாக உட்கார்ந்தான்.

யாராவது பார்க்கிறார்களா என்று அவள் சட்டென்று திரும்பினாள். பக்கத்துக் கூண்டில் கொட்டாவி தன் நாய்க்குக் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தான். எந்நேரமும் தூங்கி வழிகிற அந்தச் சக ஊழியனுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. நல்ல வேளையாக அப்போதும் வாயைப் பிளந்து கண்ணை மூடியிருந்தான். அவள் மாப்பிள்ளையின் கழுத்து வாரைச் சுண்டி இழுத்தாள்.

"எழுந்திரு. சும்மா விளையாடாதே."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. அவள் கையைப் பார்த்தான், இடுப்புப் பையைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். 'என்னம்மா, கண்டுபிடிச்சுட்டேன்ல?' என்று கேட்கிற பார்வை. அவள் துண்டைத் தரவில்லை. இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. தன் மேல் எப்படி அந்த வாசனை வரும்? பேருந்தில் பக்கத்தில் நின்றவன் யார்? நேற்றுத் தொட்ட பார்சல் ஏதாவது கிழிந்திருந்ததா? கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சட்டைக் கையை, காலரை, பாக்கெட்டை மோந்து பார்த்தாள். வியர்வையும் நாய் வாடையும்தான் வந்தன. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை மறுபடி அவள் எதிரே உட்கார்ந்தான். அப்போதுதான் அவள் தன் வீட்டைப் பற்றி யோசித்தாள்.

வீட்டில் இருப்பது அவளும் அவள் கணவனும்தான். அவன் ஓர் ஆலைக் கேன்டீனில் சமையல்காரன். அந்த ஆலையே அவன் கைப்பக்குவத்துக்கு அடிமை. ஆனால் ஆக்கியவனுக்கு அதில் ஒரு வாய்கூட இறங்காது. குடலில் புண், வீக்கம், வருடக்கணக்காக இருக்கிற நோய். உப்புப் பார்க்க நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவான். மீறி விழுங்கினால் அரை மணியில் ஆரம்பிக்கும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே யாரோ பிழிகிறார்கள் என்பான். மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான், நெற்றியில் வியர்வை சொட்டும். பிறகு கழிவறைக் கதவு மூடிக்கொள்ளும். வெளியே அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் அப்படித் துடிக்கும்போது தான் மட்டும் மெல்லுகிற சத்தம் அவளுக்கே அருவருப்பாக இருக்கும். அதனால் அவளும் சரியாகச் சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். மாத்திரைகள் மாறின, டாக்டர்கள் மாறினார்கள், அவன் இடுப்புப் பட்டையில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போடுவது மட்டும் நிற்கவில்லை.

ஆனால் கடந்த ஒரு மாதமாக அவன் சாப்பிடுகிறான். கொஞ்சம்தான், குழைந்த சோறும் உருளைக்கிழங்கும்தான், ஆனாலும் அவளோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நேற்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். டாக்டர் கொடுத்த புது மாத்திரை வேலை செய்கிறது என்று அவள் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாத்திரையோடு அவன் ஒரு டீயும் குடித்தான். அவன் அக்கா கொடுத்த மூலிகை டீ. மூலிகைதானே, போகட்டும் என்று விட்டிருந்தாள். பகல் முழுக்க ஒரு மூக்கின் பின்னாலேயே நடக்கிறவள், தன் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு, பாலில் கொதித்த எதையோ வெள்ளைத் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். ஏலக்காயும் இஞ்சியும் மணத்தன. அவற்றுக்கு அடியில் பச்சையாக, கொஞ்சம் கசப்பாக, வேறு ஒரு வாசனை.

"இது என்ன இலைங்க?"

"மூலிகை."

"மூலிகைக்குப் பேர் இல்லையா?"

"அக்காவைத்தான் கேக்கணும்."

"சரி, கேக்கறேன்" என்று அவள் போனை எடுத்தாள்.

"வேண்டாம்." அவனுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இப்போதும் சிவந்தது. "அக்காவுக்கு ஃபோன் போடாதே. உனக்குத் தெரிஞ்ச இலைதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கஞ்சாவா?"

அவன் துணியை மட்டும் இன்னும் ஒருமுறை பிழிந்தான்.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான் சொல்லல. சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

நாத்தனார் தன் மொட்டை மாடியில் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு செடி வளர்க்கிறாளாம். முதலில் வெறும் தண்ணீரில் போட்டுக் குடித்தானாம், ஒன்றும் தெரியவில்லையாம். சமையல்காரன் மூளை சும்மா இருக்குமா? மிளகாய் எண்ணெயில் இறங்குகிற மாதிரி இதுவும் கொழுப்பில்தான் இறங்கும் என்று கொழுத்த பாலில் மெல்லிய தீயில் வைத்துப் பார்த்திருக்கிறான். முதல் நாள் அளவு தெரியாமல் போட்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துவிடுவோம் என்று பயந்து குளியலறையில் உட்கார்ந்திருந்தானாம். பிறகு அளவைக் குறைத்துக் குறைத்து, வலி அடங்குகிற இடத்தில் நிறுத்திக்கொண்டான். நோய் போகவில்லை, அது எங்கேயும் போகாது என்று அவனுக்கும் தெரியும். வலி மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அவள் எழுந்தாள். டம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்க்கப் போனாள். இதற்கு ஜெயில் உண்டு. வேலை போகும். கிடங்கில் அத்தனை பேரும் காறித் துப்புவார்கள், வேலியே பயிரை மேய்ந்தது என்று. எல்லாம் சரிதான். அவன் தடுக்கவில்லை. டம்ளரை மட்டும் பார்த்தான். அவன் இடது கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது.

அந்தக் கையைப் பார்த்தபின் அவளால் கவிழ்க்க முடியவில்லை.

"குடிங்க" என்றாள். "ஆறிப்போகுது."

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. சீருடையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, கிடங்கு அலமாரியிலேயே பூட்டினாள். விடிந்ததும் போய், அங்கேயே குளித்து, அங்கேயே உடுத்தினாள். அவள் வீட்டில் இருக்கும்போது அவன் டீ போடக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பாத்திரத்தை உடனே கழுவ வேண்டும். வாசலில் யாராவது மணி அடித்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்காரன் என்று தெரிந்தபின்தான் மூச்சு வந்தது.

ஒரு நாள் அவனே சொன்னான். "நான் வேணா அக்கா வீட்டுக்குப் போய்க் குடிச்சுட்டு வந்துடறேனே."

"ரெண்டு பஸ் மாறணும். உங்க வலி என்ன பஸ் நேரம் பாத்துட்டா வருது?"

இத்தனையும் செய்து என்ன பயன்? மாப்பிள்ளை இரண்டு நாள் சும்மா இருப்பான், மூன்றாம் நாள் அவள் எதிரே உட்காருவான். ஏன் சில நாள், ஏன் சில நாள் இல்லை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தோலில் ஏறிவிட்டதோ, முடியில் தங்கிவிட்டதோ என்று தலையை மூன்று தடவை அலசினாள். அவன் உட்காரும்போதெல்லாம் "இல்லை, எழுந்திரு" என்று இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் துண்டு பையிலேயே இருந்தது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். பொய் சொல்லாத ஒரு பிராணியைப் பார்த்து, நீ சொல்வது பொய் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளை அரித்தது.

அரித்தது போதாதென்று, பலனும் தெரிய ஆரம்பித்தது. பட்டையில் ஒரு பெட்டி வந்தது. மாப்பிள்ளை அதன் அருகே நின்றான், பின்னங்கால்களை மடக்கினான், பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். உட்காரலாமா என்று கேட்டான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பிறகே உட்கார்ந்தான். பெட்டியில் சரக்கு இருந்தது.

இதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். அவருக்கு ஜலதோஷம் என்று பெயர். இத்தனை மோப்ப நாய்களுக்கும் தலைவர், ஆனால் வருடம் முழுக்க அவருக்கு மூக்கடைப்பு. கைக்குட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"உன் மாப்பிள்ளை மூக்கை நம்பல, உன் மூஞ்சியை நம்பறான்" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்கயோ கெடுத்து வெச்சிருக்க. அடுத்த வாரம் சோதனை வெக்கறேன். தேறலேன்னா இங்கருந்து எடுத்து ஏதாவது இரும்புக் கிடங்குக்குக் காவலுக்குக் கட்டிப்போட வேண்டியதுதான்."

அன்று வீட்டில் அவள் கணவனிடம் சொன்னாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள். மாப்பிள்ளையைச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள், அவனுக்குச் சங்கிலி என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கணவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அந்த வாரம் முழுக்க அவன் அதிகம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "நான் கேன்டீன்லயே முடிச்சுட்டேன், நீ சாப்பிடு" என்றான். அவள் தன் கவலையில் இருந்தாள். சரி என்று விட்டுவிட்டாள்.

சோதனை நாள். கிடங்கின் பின்புறக் கூடத்தில் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் மட்டும் மாதிரிச் சரக்கு. எது என்று ஜலதோஷத்துக்கு மட்டும் தெரியும். சுவரோரம் மற்ற நாய்க்காரர்கள் நின்றார்கள். அவள் காலையில் இரண்டு தடவை குளித்திருந்தாள். பெட்டி மடிப்புக் கலையாத புதுச் சீருடை. வீட்டிலிருந்து அவளோடு வந்தது அவள் உடம்பும், நேற்று மடித்த துண்டும்தான். அதையே சுருட்டி முடிச்சுப் போட்டுப் பையில் வைத்திருந்தாள்.

"தேடு" என்றாள்.

மாப்பிள்ளை போனான். முதல் பெட்டி, அடுத்தது, அடுத்தது. நடுவில் ஒரு பெட்டியில் மூக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான். உட்கார்டா ராஜா என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் கால்களை மடக்கினான். அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாள் இல்லை, எழுந்திரு என்று சொன்ன முகம் அது. மடக்கிய கால்களை நிமிர்த்திக்கொண்டு நின்றான். ஜலதோஷம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

பிறகு அவன் திரும்பினான். பெட்டிகளை விட்டுவிட்டு நேராக அவளிடம் நடந்து வந்தான். இடுப்புப் பக்கம் ஒருமுறை மோந்தான். அத்தனை பேர் பார்க்க, அவள் எதிரே உட்கார்ந்தான்.

அவள் செய்யக்கூடியது இரண்டே. வாரைச் சுண்டி இழுத்து, பைத்தியம், தப்பாக உட்காருகிறான் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். அவள் தப்பிப்பாள், அவன் இரும்புக் கிடங்குக்குப் போவான். அல்லது துண்டைக் கொடுக்கலாம். கொடுத்தால், நீ சொல்வது நிஜம், என்னிடம் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகும்.

மாப்பிள்ளை காத்திருந்தான். நாக்கைக்கூடத் தொங்கவிடவில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்கிற முகம்.

அவள் கை பைக்குள் போயிற்று. துண்டை எடுத்து நீட்டினாள்.

அவன் பாய்ந்து கவ்விய வேகத்தில் அவள் ஓரடி முன்னால் வந்துவிட்டாள். இழுத்தான், உறுமினான், தலையை உதறினான். இத்தனை நாள் பாக்கியை எல்லாம் வாங்கிக்கொள்கிறவனைப்போல் இழுத்தான். அவளும் இழுத்தாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நிறுத்து" என்றார் ஜலதோஷம். "தப்பா உட்கார்ந்த நாய்க்கு எதுக்குத் துண்டு?"

"தப்பில்ல சார். அவன் தப்பா உட்கார மாட்டான்."

"அப்ப உன்கிட்ட சரக்கு இருக்கா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை வாங்கி மூக்கில் வைத்து உறிஞ்சினார். அந்த மூக்குக்கு அழுகிய மீனே தெரியாது. கொட்டாவியைக் கூப்பிட்டார். துண்டைத் தூரமாக ஒரு மூலையில் போட்டுவிட்டு, கொட்டாவியின் நாயை அவிழ்த்து விடச் சொன்னார். அது நேரே துண்டுக்குப் போய் உட்கார்ந்தது. பிறகு அதே நாயை அவளைச் சுற்றி நடத்தினார்கள். அவளிடம் அது உட்காரவில்லை.

"துண்டுல இருக்கு" என்றார் ஜலதோஷம். குரல் ஏறியது. "மாதிரிச் சரக்கு அலமாரியில துண்டை வெச்சியா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ரெண்டையும் ஒண்ணா வெக்காதீங்கன்னு!"

துண்டு தரையில் விரிந்து கிடந்தது. நடுவில், துவைத்தும் போகாத ஒரு மங்கலான மஞ்சள் வட்டம். டம்ளர் வாய் அளவு. அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. இலைத் தூள் ஒரு துளி போனாலும் குடலை அறுக்கும் என்று அவன் வடிகட்டியை நம்ப மாட்டான், துணியில்தான் வடிப்பான். சமையல்காரனுக்குச் சுத்தமான வெள்ளைத் துணி எல்லாம் வடிதுணிதான். அலமாரியில் கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறான். துவைத்து மடித்து மறுபடி அங்கேயே வைத்திருக்கிறான். பாலின் கொழுப்பு நூலில் ஏறிக்கொண்டது. அந்தத் துண்டு அவள் பையில் வந்த நாளெல்லாம் மாப்பிள்ளை உட்கார்ந்தான். உடம்பும் இல்லை, உடையும் இல்லை. மாப்பிள்ளையின் ஈறு எரியக் கூடாது என்று வீட்டுக்குக் கொண்டுபோன துண்டு.

"கேக்கறேன்ல? அலமாரியிலயா வெச்ச?"

"ஆமா சார்" என்றாள்.

"இத்தனை வருஷ அனுபவம், இப்படி ஒரு முட்டாள்தனம். நாய் பாஸ். நீ ஃபெயில்." பெரிதாக ஒரு தும்மல் போட்டார். "எல்லாத் துண்டையும் கொளுத்து. புதுசு வாங்கிக்கோ. இன்னொரு தடவை உன்கிட்ட வந்து உட்கார்ந்தான்னா, சோதனைக்கு அனுப்பிடுவேன், அப்புறம் நான் பேச மாட்டேன், லேப் பேசும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். கொட்டாவி அவள் முதுகில் தட்டினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மாப்பிள்ளை பிழைத்தான், அவளும் பிழைத்தாள். வேறு துணியில் வடித்தால் போதும், மாப்பிள்ளை துண்டைத் தொடாதீங்க என்று சொன்னால் போதும். பேருந்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் வறுத்த வெங்காயம் மணத்தது. மேசையில் ஒரு தட்டு, அவளுக்குப் பிடித்ததெல்லாம் மூடி வைத்திருந்தது. அவனைக் காணோம்.

சமையலறைத் தரையில், அடுப்பு மேடைக்குக் கீழே, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். வாயில் ஒரு துணியைக் கடித்துக்கொண்டிருந்தான், சத்தம் வெளியே போகாமல் இருக்க. அவளைப் பார்த்ததும் துணியை எடுத்தான்.

"பாஸா?"

"என்னங்க இது? டீ குடிக்கலியா?"

"பாஸான்னு சொல்லு முதல்ல."

"பாஸ்! டீ ஏன் குடிக்கல?"

"ஒரு வாரமாவே குடிக்கல" என்றான். "சோதனை முடியட்டும்னு..." மீதியை வலி பிடுங்கிக்கொண்டது.

ஒரு வாரம். கேன்டீனிலேயே முடித்துவிட்டேன் என்று சொன்னது முழுக்கப் பொய். பொய் சொல்லத் தெரியாதவன் ஒரு வாரம் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறான், காது சிவந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? உங்களை யாரு கேட்டா?" என்று கத்திக்கொண்டே பாலை எடுத்தாள். கத்திக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் நாத்தனார் கொடுத்த பொட்டலம் இருந்தது. அதைத் தன் கையால் அவள் அதுவரை தொட்டதில்லை.

"எவ்வளவு போடணும்?"

"மூணு விரல்ல அள்ளு. அவ்வளவுதான். கொதிக்க விடாதே, தீயைக் குறை."

அவள் அள்ளிப் போட்டாள். கிளறினாள். பொங்கி வந்ததைக் கையால் துடைத்தாள். தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அதில் ஊற்றிப் பிழிந்தாள், விரல் சந்தெல்லாம் பச்சையாகப் பால் வழிந்தது. அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, ஊதி ஊதிக் கொடுத்தாள். அவன் மடக்கிய முழங்கால் நெடுநேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

அவன் தூங்கியபின் அவள் அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். இன்றைக்குத் துண்டு. நாளைக்குக் கை, நாளன்றைக்குத் தலைமுடி. இனி அவன் டீ போடும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்க அவளால் முடியாது. வலிக்கிற நாளில் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். அவளிடம் அந்த வாசனை இருக்கும். மாப்பிள்ளை உட்காருவான். உட்கார்ந்தால், ஒன்று அவள் அவனை ஏமாற்ற வேண்டும், இல்லை லேப் பேசும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியே இல்லை.

மறுநாள் காலையில் அவள் ஜலதோஷத்தின் முன்னால் போய் நின்றாள்.

"என்னைப் பார்சல் கவுன்ட்டருக்கு மாத்திடுங்க சார். மாப்பிள்ளையைக் கொட்டாவிகிட்டக் குடுத்துடுங்க. அவன் நாய்க்கும் வயசாகுது."

"என்னம்மா, நேத்துத் திட்டினதுக்கு ரோஷமா?"

"நாய் பாஸ், நான் ஃபெயில்னு நீங்கதான சார் சொன்னீங்க."

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல் தலையை ஆட்டினார்.

கூண்டிலிருந்து மாப்பிள்ளையைக் கொட்டாவிதான் கூட்டிவந்தான். அவன் இடுப்புப் பையில் கடையிலிருந்து அப்படியே வந்த புதுத் துண்டு. மாப்பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் பிடிக்கும், எந்தக் காதைச் சொறிய வேண்டும் என்று அவள் தூரத்திலிருந்தே சொன்னாள். கிட்டே போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கையை எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் ஒரு நாளில் போகிற வாசனையா அது? ஆனால் மாப்பிள்ளை வாரை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்துவிட்டான். கையை நக்கினான். நக்கியவன் நின்றான். விரல் சந்துகளை மோந்தான்.

முதுகை நிமிர்த்தி, அவள் எதிரே உட்கார்ந்தான்.

ஜலதோஷம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, பாருங்க சார்" என்றான் கொட்டாவி. அந்த ஆளுக்கே குரல் தழுதழுத்தது. "போக மாட்டேங்கறான். மாமியாரை விட்டு நகர மாட்டேன்னு உட்கார்ந்துட்டான். என்னா பாசம்!"

ஜலதோஷம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அவருக்கு ஜலதோஷம் குறைவாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்தான். அவன் பாசத்துக்காக உட்காரவில்லை என்று அந்த முற்றத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் வேலை செய்துகொண்டிருந்தான். கூலிக்குக் காத்திருந்தான்.

அவள் கொட்டாவியின் பையிலிருந்து புதுத் துண்டை உருவி எடுத்து, இறுகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு நீட்டினாள். மாப்பிள்ளை பாய்ந்து கவ்வினான். இருவரும் முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு சுற்றினார்கள், அவளுக்கு மூச்சு வாங்குகிறவரை. பிறகு அவள் பிடியை விட்டாள்.

"அழாதீங்க மாமியாரே" என்றான் கொட்டாவி. "நாய்தானே. ரெண்டு நாள்ல மறந்துடும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ. அவன் உட்கார்ந்தா துண்டைக் குடுத்துடு. யார் முன்னாடி உட்கார்ந்தாலும் குடுத்துடு."